ஒரு மடிக்கணனி எத்தனை வருடம் சோறு போடும்?



"கம்பியூட்டர் படித்த பிள்ளை வீட்டில் சும்மா இருக்கிறாள். ஒரு மடிக்கணனி வாங்கிக் கொடுத்தால் உழைப்பாளா? கடன் எடுத்து வாங்கலாமா?" தாய்மார் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. கோயில் வீதியிலும் கேட்கிறார்கள், பஸ்ஸிலும் கேட்கிறார்கள். கேட்பவர்களில் அதிகமானோர் கணவரை இழந்து, குடும்பப் பொறுப்பைத் தனியே சுமப்பவர்கள். ஒன்றரை இலட்சம் ரூபா அவர்களுக்குச் சின்னக் காசு அல்ல. ஆகவே இம்மாதப் பக்கத்தை இந்தக் கேள்விக்கே ஒதுக்குகிறேன்.

நான் புங்குடுதீவு மடத்துவெளியில் வீட்டிலிருந்தபடி மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறேன். கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு இணையப் பக்கங்கள் அமைக்கிறேன். சிறிய கடைகளுக்குக் கணக்கும் இருப்பும் பார்க்கும் செய்நிரல்களும் எழுதுகிறேன். 2019இல் புதிதாக வாங்கிய மடிக்கணனிதான் இன்றுவரை என் தொழிற்கருவி. அது எனக்குக் காட்டித் தந்தவற்றையே இங்கே சொல்கிறேன்.

வீட்டிலிருந்து இந்த வேலை முடியுமா?

முடியும். கணனி இல்லாமலே செய்தும் காட்டியிருக்கிறார்கள். ஸ்டெபனி ஷேர்லி என்ற பெண்மணி 1933இல் ஜேர்மனியில் பிறந்தவர். நாசிகளின் கொடுமைக்குத் தப்புவதற்காக, 1939இல் ஐந்து வயதிலே பெற்றோரைப் பிரிந்து, தமக்கையுடன் அகதியாக இங்கிலாந்துக்கு ரயிலேற்றப்பட்டார். 1962இல் ஆறு பவுண் முதலுடன் ஒரு மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். பிள்ளை பிறந்ததும் வேலையை விட நேர்ந்த பெண்களுக்கு, வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை கொடுத்தார். அவர்கள் கடதாசியில் பென்சிலால் செய்நிரல் எழுதித் தபாலில் அனுப்பினார்கள். முதலில் சேர்ந்த 300 பேரில் 297 பேர் பெண்கள். கொன்கோட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான செய்நிரலை எழுதியவர்களும் அவர்கள்தான். அம்மையார் 2025இல் 91 வயதில் காலமானார்.

இடம்பெயர்ந்த ஒரு சிறுமி வளர்ந்து இத்தனை வீடுகளில் அடுப்பெரிய வைத்தாள் என்பது நமக்குத் தைரியம் தருகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பெண்களிடம் இருந்தது இயந்திரம் அல்ல, கற்ற தொழில். தையல் தெரியாத வீட்டில் தையல் மெசின் வெறும் தளபாடம். மடிக்கணனியும் அப்படித்தான்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

எனக்குத் தெரிந்த ஒரு தங்கை தவணைமுறையில் மடிக்கணனி வாங்கினாள். மெல்லியது, பளபளப்பானது, தூக்கவும் பாரமில்லை. நான்கு மாதத்தில் அது இழுபடத் தொடங்கியது. கொண்டுவந்து காட்டினாள்.

"அக்கா, இதுக்கு றாம் கூட்டிப் போடலாமோ?"

திறந்து பார்த்துவிட்டு, "இல்லையம்மா, பலகையோடை சேர்த்து ஒட்டியெல்லோ விட்டிருக்கினம்" என்றேன்.

அவள் முகம் வாடிப் போயிற்று. தவணை இன்னும் இருபது மாதம் கட்ட இருந்தது.

றாம் என்பது கணனி வேலை செய்யும்போது பாவிக்கும் மேசை போன்றது. மேசை சிறிதானால் ஒரு கொப்பியை மூடித்தான் மற்றதை விரிக்க வேண்டும். செய்நிரல் எழுதுபவருக்கு ஒரே நேரத்தில் பல கொப்பிகள் விரிந்திருக்க வேண்டும். 8 ஜீ.பி. இல்லாமல் வாங்காதீர்கள், 16 இருந்தால் நல்லது. பின்னர் கூட்டிப்போட இடமுண்டா என்று கடையில் வாய்விட்டுக் கேளுங்கள். நான் 8 ஜீ.பி. உடன் வாங்கி, 2021இல் இன்னொரு 8 சேர்த்தேன். அதனால்தான் அது இன்னும் ஓடுகிறது.

அடுத்தது சேமிப்பகம். சுழலும் தட்டுள்ள பழைய வகை வன்தட்டை விட எஸ்.எஸ்.டி. பல மடங்கு வேகமானது. உள்ளே அசையும் பாகம் இல்லாதபடியால் பஸ் குலுக்கலையும் தாங்கும். மூன்றாவது விசைப்பலகை. நாளுக்கு எட்டு மணித்தியாலம் விரல் படுவது அதிலேதான், ஆகவே கடையில் நின்றே பத்து வரி அடித்துப் பாருங்கள். நிறத்துக்கும் மெல்லிசுக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

மென்பொருள் எழுதத் தேவையான கருவிகளில் பெரும்பாலானவை இலவசம். லினக்ஸ் இயங்குதளமும் இலவசம், அதைத் தமிழிலும் பாவிக்கலாம். விண்டோஸ் 10க்கான வழமையான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. புதிய விண்டோஸ் ஏற்காத பழைய கணனி வைத்திருப்பவர்கள் அதை எறிந்துவிட வேண்டாம். லினக்ஸ் ஏற்றினால் இன்னும் சில வருடம் உழைக்கும்.

உப்புக் காற்றும் மின்சாரமும்

கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருக்கும் கணனிக்கும் தீவிலிருக்கும் கணனிக்கும் ஆயுள் ஒன்றல்ல. நமது காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. அவை செப்புத் தொடுப்புகளை அரிக்கும். சோளகக் காற்றுக் காலத்தில் புழுதியும் சேரும். நான் கடற்பக்க யன்னலருகில் கணனியை வைப்பதில்லை. வேலை முடிந்து சூடு ஆறிய பிறகு துணியால் மூடி வைக்கிறேன். இயங்கும்போது மூடக்கூடாது, காற்றுப் போகும் துவாரத்தைத் தலையணையோ பாயோ அடைக்கவும் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை உள்விசிறியைத் துப்புரவு செய்விக்கிறேன். அதற்கு வேலணையும் பண்ணையும் தாண்டி யாழ்ப்பாணம் போக வேண்டும். போய்வர ஒரு நாள் சம்பளம் போனாலும், அந்த நாளைத் தவறவிடுவதில்லை.

பற்றரிக்கு வெப்பம் பெரிய எதிரி. எந்நேரமும் நூறு வீதம் நிரப்பி வைத்தாலும் அதன் ஆயுள் குறையும். இன்றைய மடிக்கணனிகளிலுள்ள லிதியம் பற்றரி, சாதாரணமாக 300 தொடக்கம் 500 முறை முழுதாக நிரப்பி இறக்கியதும் பலவீனமடையத் தொடங்கும். பல கணனிகளில் 80 வீதத்துடன் நிரப்புவதை நிறுத்தும் வசதி இருக்கிறது, அதைப் பாவியுங்கள். பற்றரி ஊதி அடிப்பாகம் மேலெழுந்தால் உடனே நிறுத்தி, திருத்துநரிடம் கொடுங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இடிமின்னல் தொடங்கினால் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள்.

2022ஐ நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பங்குனி முடிவில் நாட்டில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. மேசைக் கணனி வைத்திருந்தவர்கள் கைகட்டி இருந்தார்கள். எனக்கு மின்சாரம் வரும் நேரத்தில் பற்றரியை நிரப்பி, திரை வெளிச்சத்தைக் குறைத்து, நான்கு மணித்தியாலம் எழுத முடிந்தது. இணையம் இல்லாத நேரத்தில் எழுதி வைத்து, வந்ததும் அனுப்பினேன். அதே வருடம் மாசியில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் வைகாசியில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. புதிய கணனிகளின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. இருப்பதைப் பேணுவது எவ்வளவு பெரிய சேமிப்பு என்பதை அந்த வருடம் எல்லோருக்கும் காட்டியது.

ஒரே பிரதி என்றால் பிரதியே இல்லை

1990, 1991இல் தீவுப்பகுதி இடம்பெயர்ந்தபோது கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடினோம். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கலியாணப் படம் எல்லாம் வீட்டோடு போயின. அவற்றைத் திரும்பப் பெற எத்தனை வாசற்படி ஏறினோம்! 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோதும், வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் சாம்பலாகின. 2005இல் நூலகம் என்ற பெயரில் தொடங்கிய இணைய நூலகம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் படமாக்கி எவரும் படிக்க வைத்திருக்கிறது. ஒரு கட்டிடம் அழிந்தாலும் எழுத்து அழியாதிருக்க வழி அது.

இதே பாடம் நமது கணனிக்கும் பொருந்தும். கணனி பழுதானால் இன்னொன்று வாங்கலாம். உள்ளே இருக்கும் ஆறுமாத உழைப்பை வாங்க முடியாது. நான் மூன்று பிரதி வைத்திருக்கிறேன். ஒன்று கணனியில். இரண்டாவது வெளி வன்தட்டில். அது வேலணையில் சகோதரி வீட்டில் இருக்கிறது, மாதம் ஒருமுறை புதுப்பிக்கிறேன். மூன்றாவது இணையத்தில். செய்நிரல் எழுதுபவர்களுக்குக் கிட் என்றொரு இலவசக் கருவி உண்டு. இன்று என்ன மாற்றினோம், நேற்று எப்படி இருந்தது என்று ஒவ்வொரு படியையும் அது நினைவில் வைத்திருக்கும். நேற்றைய நிலைக்குத் திரும்பவும் விடும்.

செய்நிரல் எழுதாத சகோதரிகளும் இதைச் செய்யலாம். உங்கள் உறுதி, சான்றிதழ்கள், காணாமல் போனவர் தொடர்பாகக் கொடுத்த முறைப்பாட்டுப் பிரதிகள் எல்லாவற்றையும் படமெடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். தமிழில் அடிக்கும் கடிதங்களை யூனிகோட்டில் அடியுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்த கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணனியில் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும்.

கணக்கைப் பார்ப்போம்

என் மடிக்கணனி 1,20,000 ரூபா. 2021இல் சேர்த்த றாம் 9,500. 2023இல் மாற்றிய பற்றரி 22,000. விசைப்பலகை மாற்றிய செலவு 8,500. மொத்தம் 1,60,000 ரூபா. ஆறு வருடம் என்பது 72 மாதம். பிரித்துப் பார்த்தால் மாதம் ஏறத்தாழ 2,222 ரூபா. இணையக் கட்டணமும் மின்கட்டணமும் வேறு. ஒரு தொழிற்கருவிக்கு இது பெரிய செலவல்ல. ஆனால் இரண்டே வருடத்தில் அது நின்றிருந்தால், முதலில் கொடுத்த விலை மட்டுமே மாதம் 5,000 ரூபாவாகியிருக்கும்.

கடனைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாரந்தோறும் வாசலில் வந்து நிற்கும் நுண்கடன் நம் பெண்களை என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்குத் தெரியும். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில், பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. மென்பொருள் வேலையில் முதல் வருமானம் வர ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். வாராந்தத் தவணை அதுவரை பொறுத்திராது.

ஆகவே தாய்மாருக்கு என் பதில் இது. முதலில் பிள்ளை தொழிலைக் கற்கட்டும். யாழ்ப்பாணத்தில் யாழ் ஐ.ரி. ஹப்பின் முயற்சியில் உருவான ஊக்கி போன்ற நிரலாக்கப் பயிற்சிகள் இருக்கின்றன, விசாரியுங்கள். பாடசாலை ஆய்வுகூடத்திலோ, உறவினர் கணனியிலோ, நல்லநிலையிலுள்ள பாவித்த கணனியிலோ பழகட்டும். ஒரு சின்ன வேலையையாவது முடித்துக் காசு வாங்கிய பிறகு புதியதை யோசியுங்கள். அப்போதும் மாதர் சங்கத்தின் சுழற்சிமுறைக் கடனோ, கூட்டுறவுக் கடனோ, சீட்டுக் காசோ போதுமா என்று பாருங்கள். "வேலை தருகிறோம், முதலில் பணம் கட்டுங்கள்" என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

கடைசியாக ஒரு வார்த்தை. காலில் காயப்பட்டவர்களுக்கும், உடலில் செல் துண்டுகளுடன் வாழ்பவர்களுக்கும், வெயிலில் நின்று செய்யும் வேலையை விட இது இலகு. ஆனால் குனிந்தபடி மணிக்கணக்கில் இருந்தால் கழுத்தும் முதுகும் போய்விடும். கணனியை நாலு புத்தகத்தின் மேல் கண் மட்டத்துக்கு உயர்த்தி, தனி விசைப்பலகை ஒன்று பூட்டுங்கள். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து கிணற்றடி வரை நடந்து வாருங்கள். இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் உண்டு, நமக்கு இல்லை.

கணனி தொடர்பான உங்கள் சந்தேகங்களை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.