கோழியின் மேல் பழி, குழந்தைக்குத் தண்டனை

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பெரியவளாகிவிட்டாள் என்று தெருவுக்குத் தெரிந்ததும் முதலில் வந்து விழும் கேள்வி ஒன்றுதான்: “என்னக்கா, புள்ளைக்கு பிராய்லர் நெறைய குடுத்தீங்களா?” பக்கத்து வீட்டில் கேட்பார்கள், பள்ளி வாசலில் கேட்பார்கள், மாமியார் கேட்பார். எல்லாம் தெரிந்தவர் என்று பேர் வாங்கிய சித்தப்பா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காணொளி ஒன்றைத் தட்டிவிடுவார். பதில் சொல்ல வேண்டியவள் தாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடையில் நின்று அந்தக் கோழியை வெட்டி வாங்கி வந்த தகப்பனை யாரும் கேட்பதில்லை.

பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அதைத் தின்னும் பெண் குழந்தைகள் சீக்கிரம் வயதுக்கு வந்துவிடுகிறார்கள்: படித்தவர், படிக்காதவர், சைவர், அசைவர் என்ற பேதமில்லாமல் தமிழ்நாடு ஒப்புக்கொண்டிருக்கும் வெகுசில விஷயங்களில் இது ஒன்று. இதற்கு ஆதாரம் கிடையாது. போகட்டும், தீங்கில்லாத நம்பிக்கை என்று விட்டுவிடவும் முடியவில்லை. குழந்தையின் உடம்பைக் கவனிக்க வேண்டிய நேரத்தில் நம் கண்ணை அது சாப்பாட்டுத் தட்டின் பக்கம் திருப்பிவிடுகிறது.

கோழியிலிருந்தே தொடங்குவோம். “நாப்பது நாள்ல ரெண்டு கிலோ வருதே, ஊசி போடாம எப்படி வரும்?” நியாயமான சந்தேகம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் இதற்கு விடை இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் கோழி இனத்தையும் 1978, 2005ஆம் ஆண்டுகளின் இனங்களையும் அங்கே ஒரே தீவனம் போட்டு ஒன்றாக வளர்த்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2014இல் வெளிவந்தன. 56ஆம் நாளில் 1957இன் கோழி 905 கிராம் இருந்தது. 1978இன் கோழி 1,808 கிராம். 2005இன் கோழி 4,202 கிராம். தீவனம் ஒன்றுதான், நாளும் ஒன்றுதான், வேறுபட்டது வம்சம். வேகமாக வளரும் சேவலையும் பெட்டையையுமே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இணை சேர்த்ததன் விளைவு அது.

பல்லடம் பக்கம் பண்ணைக் கொட்டகைக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் விளங்கும். ஒரு கொட்டகையில் ஐயாயிரம் குஞ்சுகள் இருக்கும். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி தரும்; பண்ணைக்காரருக்குக் கிடைப்பது கிலோ கணக்கில் வளர்ப்புக்கூலி. வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பு மருந்தைக்கூட இளங்குஞ்சின் கண்ணில் சொட்டு விட்டோ குடிதண்ணீரில் கலந்தோ கொடுப்பதுதான் வழக்கம். வளர்ச்சி ஹார்மோன் என்பது புரதம். தீவனத்தில் கலந்தால் கோழியின் வயிற்றிலேயே செரித்துப்போகும். ஊசியாகத்தான், அதுவும் திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஐயாயிரம் கோழியைத் துரத்திப் பிடித்து ஊசி போட ஆளுக்கு எங்கே போவது? போட்டார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், கொதிக்கும் குழம்பையும் நம் இரைப்பையையும் தாண்டி அந்தப் புரதம் முழுசாக வெளியே வராது. தவிர, வளர்ச்சி ஹார்மோன் வேறு, பருவமடைய வைக்கும் பாலின ஹார்மோன் வேறு.

இந்தப் பயம் வானத்திலிருந்து குதித்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1940களிலும் 50களிலும் அமெரிக்காவில் டையெத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனைச் சேவல்களின் கழுத்துத் தோலுக்கடியில் வில்லையாகப் பதித்தார்கள். அது வாய்வழியாகவும் வேலை செய்யும் பொருள். 1959இல் கோழிகளுக்கு அது தடை செய்யப்பட்டது. 1977இல் இத்தாலியின் மிலான் நகரப் பள்ளி ஒன்றில் பல குழந்தைகளுக்கு மார்பு வீங்கியபோது, மதிய உணவில் வந்த இறைச்சியின் மேல் சந்தேகம் விழுந்தது, அது நிரூபணமாகவில்லை. ஆக, கேள்வி கேட்டது சரி. விடை வந்த பிறகும் அதே கேள்வியைத் தீர்ப்பாக வைத்துக்கொண்டிருப்பதுதான் தவறு.

பிராய்லர் தொழிலைக் கண்டிக்க வேண்டுமா, தாராளமாகக் கண்டிப்போம். 2014இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பரிசோதித்த கோழி இறைச்சி மாதிரிகளில் 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கோழித் தீவனத்தில் கலப்பதை 2019இல்தான் அரசு தடுத்தது. மருந்துக்கு மசியாத கிருமிகள் நிஜமான ஆபத்து. அதைப் பற்றித் தெருவில் ஒருவரும் பேசுவதில்லை. இல்லாத ஹார்மோனுக்குக் கிடைத்த விளம்பரத்தில் நூறில் ஒரு பங்கு இருக்கும் ஆன்டிபயாடிக்குக்குக் கிடைத்திருந்தால் நாட்டுக்கு நல்லது நடந்திருக்கும்.

பெண்கள் பருவமடையும் வயது குறைந்துவருவது உண்மைதானே என்பார்கள். உண்மைதான். ஆனால் அது பிராய்லர் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வட ஐரோப்பாவில் முதல் மாதவிடாய் 16, 17 வயதில் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அது 13ஐ ஒட்டி இறங்கிவிட்டது. சத்தான உணவும் நோய் குறைந்த குழந்தைப்பருவமும் சேர்ந்து செய்த வேலை அது. நம் பாட்டிகள் பதினைந்தில் பெரியவளானதைக் கற்பின் காலம்போலப் பேசுகிறோம். அவர்களில் பலருக்கு வயிறு நிறையச் சோறு கிடைக்கவில்லை என்பதை மறந்துவிடுகிறோம்.

நம்மைத் தொடும் சான்று ஒன்று சுவீடனில் இருக்கிறது. இந்தியாவிலிருந்து அங்கே தத்துப் போன பெண் குழந்தைகளைப் பற்றி 1991இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்கள் பருவமடைந்த வயதின் நடுமதிப்பு 11.6, சுவீடன் பெண்களுக்கு அது 13 அளவில் இருந்தது. ஒரே நாட்டில் வளர்ந்தும் இந்தியாவில் பிறந்த குழந்தைகள் மட்டும் முந்திக்கொண்டார்கள். சிறு வயதில் அரைப்பட்டினி, பிறகு திடீரென்று நிறைவான சாப்பாடு, அதனால் கிடுகிடுவென்ற வளர்ச்சி என்ற சேர்க்கையைத்தான் ஆய்வாளர்கள் காரணமாகக் கருதினார்கள். 2020 ஊரடங்கின்போது இத்தாலி, துருக்கி, நம் புனே எனப் பல இடங்களின் மருத்துவர்கள் முன்கூட்டிய பருவமடைதல் கூடியிருப்பதாக எழுதினார்கள். எடை கூடியது, ஓடியாட்டம் நின்றது, தூக்கம் கெட்டது என்று பல காரணங்களைச் சந்தேகித்தார்கள். கோழி ரகம் அந்த ஒரு வருடத்தில் மாறிவிடவில்லை.

உடல் பருமனுக்குப் பங்கு இருக்கிறது. கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின், உடம்பில் இருப்பு போதுமான அளவு இருக்கிறது என்று மூளைக்குத் தகவல் சொல்கிறது. அந்த அளவில், தினமும் பொரித்த கோழியும் குளிர்பானமுமாக வளரும் பிள்ளைக்கு ஆபத்து உண்டு. அதே ஆபத்து பரோட்டா, சிப்ஸ், பேக்கரி பஃப்ஸ், மைசூர்பாகு எல்லாவற்றிலும் உண்டு. மரபுக்கும் பங்கு இருக்கிறது. எம்கேஆர்என்3 என்ற மரபணுவில் ஏற்படும் பிழை குழந்தைகளைச் சீக்கிரம் பருவமடையச் செய்கிறது என்று 2013இல் கண்டுபிடித்தார்கள். அந்தப் பிழை தகப்பன் வழியாக வந்தால் மட்டுமே வேலை செய்யும். தாய் வழியாக வந்தால் பேசாமல் கிடக்கும். “என்னத்த குடுத்து வளர்த்த?” என்று மருமகளைக் கேட்கும் மாமியார்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்த நம்பிக்கையால் விளையும் பெரிய கேடு, அது நம்மைத் தாமதமாக விழிக்க வைப்பது. உதிரம் கண்டால்தான் நமக்குச் செய்தி. மருத்துவம் அதற்கு இரண்டு, இரண்டரை வருடம் முன்பே கணக்கைத் தொடங்கிவிடுகிறது. பெண் குழந்தைக்கு எட்டு வயதுக்கு முன் மார்பு மொட்டு விட்டால், ஆண் குழந்தைக்கு ஒன்பது வயதுக்கு முன் விதைகள் பெருக்கத் தொடங்கினால், அதுவே மருத்துவரிடம் போக வேண்டிய நாள். காம்புக்கு அடியில் சின்னக் கட்டிபோல, பெரும்பாலும் முதலில் ஒரு பக்கம் மட்டும், தொட்டால் வலிப்பதாக அந்த மொட்டு இருக்கும். புத்தகப்பை வார் உரசினால் குழந்தை முகம் சுளிப்பாள். அதைக் கட்டி என்று எண்ணி எண்ணெய் போட்டு நீவுவதும் அழுத்திப் பார்ப்பதும் கூடாது. பெரியவர்களுக்கு வருவதுபோன்ற வியர்வை வாடை, முடி, முகப்பரு, ஒரே வருடத்தில் இரண்டு சைஸ் தாண்டும் செருப்பு எல்லாம் கவனிக்க வேண்டியவை.

இந்த வளர்ச்சிதான் பெற்றோரை ஏமாற்றும். “வகுப்பிலேயே இவதான் உசரம்” என்று பெருமைப்படுவார்கள். எலும்பு முனைகளில் இருக்கும் வளர்ச்சித் தட்டுகள் சீக்கிரம் மூடிக்கொள்வதால், மூன்றாம் வகுப்பில் கடைசி வரிசையில் நின்றவள் பத்தாம் வகுப்பில் முன்வரிசைக்கு வந்துவிடுவாள். இடது மணிக்கட்டை ஓர் எக்ஸ்ரே எடுத்தால் எலும்பின் வயது தெரிந்துவிடும். ஏழு வயதுக் குழந்தைக்குப் பத்து வயது எலும்பு இருந்தால் காரணம் தேட வேண்டும்.

பெண் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தனியாக ஒரு நோய் இருப்பதில்லை. மூளையின் கட்டளை கொஞ்சம் முந்திவிட்டது, அவ்வளவுதான். மூன்று வயதுக்குள் வரும் மார்பு வீக்கம் பல நேரம் தானாகவே அடங்கிவிடும். ஆனால் ஆறு வயதுக்கு முன் பருவ அறிகுறிகள் தொடர்ந்து வளர்ந்தால், தலைவலியோ பார்வைக் குறைவோ சேர்ந்துகொண்டால், தோலில் பால் காப்பி நிறத்தில் பெரிய திட்டுகள் இருந்தால், காரணமில்லாமல் குழந்தை அடிக்கடி திடீரென்று சிரித்தால், காலம் கடத்தக்கூடாது. அந்தச் சிரிப்பு மூளையின் ஹைப்போதலாமஸில் உள்ள கட்டி உண்டாக்கும் ஒருவகை வலிப்பாக இருக்கலாம். தைராய்டு குறைவு, அட்ரீனல் கோளாறு, வீட்டில் பெரியவர் பூசிக்கொள்ளும் ஹார்மோன் களிம்பு குழந்தையின் தோலில் படுவது போன்றவையும் காரணமாகலாம். கோழிதான் குற்றவாளி என்று வழக்கை முடித்துவிட்ட வீட்டில் இவற்றை யார் தேடுவார்கள்?

பையன்கள் நிலைமை இன்னும் மோசம். அவர்களுக்கு இந்தப் பிரச்சினை வருவது குறைவு; வந்தால் மூளையிலோ அட்ரீனலிலோ கோளாறு இருப்பதற்கான வாய்ப்பு பெண் குழந்தைகளைவிட அதிகம். ஆனால் பிராய்லர் கதையில் பையனுக்கு இடமே இல்லை. எட்டு வயதில் குரல் உடைந்து மீசை அரும்பினால், “சிங்கக்குட்டி” என்று மீசையைத் தடவிவிடுகிறோம்.

சிகிச்சை இருக்கிறது. மூளையின் கட்டளையை நிறுத்திவைக்கும் லியூப்ரோலைடு, டிரிப்டோரெலின் போன்ற ஊசிகளை மாதம் ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ போடுவார்கள். இந்தச் சிகிச்சை 1980களிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஊசியை நிறுத்தினால் பருவம் விட்ட இடத்திலிருந்து தொடரும். பிள்ளைப்பேறு பாதிக்கும் என்பது வீண் பயம். எல்லாக் குழந்தைக்கும் ஊசி தேவைப்படாது. மெதுவாக நகரும் பருவத்தைக் கண்காணித்தாலே போதும். உயரத்தில் பலன் அதிகம் கிடைப்பது ஆறு வயதுக்குள் தொடங்குபவர்களுக்கு. எட்டைத் தாண்டினால் பலன் குறைந்துகொண்டே போகும். கோழியை நிறுத்தி ஆறு மாதம் பார்ப்போம் என்று காத்திருப்பதன் விலை இதுதான்.

“நிறுத்தினா என்ன நஷ்டம்?” என்பார் சித்தப்பா. நஷ்டம் பெண் குழந்தையின் தட்டில். அண்ணனுக்குக் கோழிக்கால், தங்கைக்குக் குழம்பு மட்டும் என்று பல வீடுகளில் எழுதாத சட்டம் நடக்கிறது. முட்டையும் சந்தேகப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. ரத்தசோகை மலிந்த நாட்டில், வளரும் பெண்ணிடமிருந்து மலிவான நல்ல புரதத்தைப் பிடுங்குகிறோம். அவளே பெரியவளானதும் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் வாயில் ஊற்றி, உளுந்தங்களி கிண்டிக் கொடுத்து உடம்பைத் தேற்றப் பார்க்கிறோம்.

பிறகு விழா. எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைக்குப் பட்டுப்புடவை கட்டி, தாய்மாமன் சீரோடு மேடையில் உட்கார வைத்து, தெருமுனையில் பிளெக்ஸ் கட்டுகிறோம். உடம்பு முந்திவிட்டாலும் மனசு இன்னும் பொம்மையோடுதான் இருக்கிறது. இந்தச் சிறுமி பெரியவள் என்று ஊருக்கு அறிவிப்பது அவளைக் கேலிக்கும் தீய பார்வைக்கும் தள்ளிவிடும். தமிழக அரசின் புதுயுகம் திட்டத்தில் இலவச நாப்கின் 10 வயதிலிருந்து 19 வரைதான். ஒன்பது வயதுக்காரி கணக்கில் வரமாட்டாள். எத்தனை தொடக்கப் பள்ளிக் கழிப்பறைகளில் நாப்கின் போட ஒரு மூடிய தொட்டி இருக்கிறது? நான்காம் வகுப்பு ஆசிரியை எத்தனை பேருக்கு இதைப் பேசப் பயிற்சி கிடைத்திருக்கிறது?

கோபப்பட வேண்டிய இடங்கள் இவை. புதுயுகத்தின் வயது வரம்பைக் கீழே இறக்கச் சொல்லிக் கேட்போம். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு உயரத்தை எழுதிவைத்துவிட்டுப் போகாமல், போன வருட உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லிக் கேட்போம். வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டும்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொள்வோம். எட்டுக்குள் ஏதாவது தெரிந்தால் பக்கத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவுக்கு அந்த வாரமே அழைத்துப் போவோம். மகளிடம் ஏழு வயதிலேயே பயமில்லாமல் விஷயத்தைச் சொல்லிவைப்போம், மகனிடமும்தான். இவ்வளவையும் செய்து முடித்த பிறகும் கோழியைத் திட்ட யாருக்காவது நேரம் மிச்சமிருந்தால், ஆன்டிபயாடிக் பற்றித் திட்டட்டும்.