ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள்

இரவு 11 மணிக்கு 24 மணி நேர ஜிம்மில் எங்கள் பெடியள் நிறையப் பேரைக் காண்கிறேன். காதில் ஹெட்ஃபோன், பெஞ்ச் பிரஸ்ஸுக்குத் தனியாகப் படுத்திருப்பார்கள், கம்பியின் இரண்டு பக்கமும் கிளிப் இறுக்கியிருக்கும். வெறும் கம்பியே 20 கிலோ. அது நெஞ்சோடு நின்றுவிட்டால், கிளிப் இருப்பதால் தட்டுகளைச் சரித்து விழுத்தவும் வழியில்லை. அந்த நேரத்தில் ஸ்டாஃபும் இருக்கமாட்டார்கள். அங்கே இருப்பது நாங்கள் ஆளுக்காள் மட்டும்தான்.

பக்கத்தில் நிற்பவரிடம் "ஒரு செட்டுக்கு ஸ்பொட் பண்ண ஏலுமா?" என்று கேட்க ஏன் இவ்வளவு கூச்சம்? "ஒருத்தரிட்டயும் உதவி கேட்டுப் போகாதே" என்று வீட்டில் கேட்டே வளர்ந்தோம், அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் சர்வதேச பவர்லிஃப்டிங் போட்டி விதிகளைப் பாருங்கள்: மேடையில் குறைந்தது 2 பேர், கூடினால் 5 பேர் துணைக்கு நிற்பார்கள். உலகச் சாம்பியனே தனியாகத் தூக்குவதில்லை.

கேட்கும்போது எத்தனை தடவை தூக்கப் போகிறீர்கள் என்றும் சொல்லிவிடுங்கள். ஸ்பொட் பண்ணுபவர் தலைமாட்டில் நிற்க வேண்டும். கம்பி மேலே போகாமல் நின்றால்தான் கை வைக்க வேண்டும். அதற்கு முன்னமே தொட்டால், தூக்கியது யார் என்று சண்டைதான் வரும்!

இன்னொன்று. ஒரு பெண்பிள்ளை ஸ்குவாட் செய்யும்போது, கேட்காமலே போய்த் திருத்துகிற அண்ணாமார் இருக்கிறார்கள். அது உதவி இல்லை, தொல்லை. கேட்டால் ஓடிப்போங்கள், கேட்காவிட்டால் உங்கள் செட்டைப் பாருங்கள்.

ஒருவருமே இல்லாத இரவென்றால், ரேக்கின் சேஃப்டி பாரை நெஞ்சு மட்டத்துக்குச் சற்றுக் கீழே போட்டுவிட்டுப் படுங்கள்.