மைக் செட் யார் கையில் இருக்கிறது?

துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டிய சந்தொன்றில் மைக் செட் வாடகைக்கு விடும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பாக்ஸ்களை அவரே செய்துகொள்வார். பிளைவுட் அறுப்பது, ஸ்பீக்கர் பொருத்துவது, ஆம்ப் ரிப்பேர் பார்ப்பது எல்லாம் அவர்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்துக்கு மைக் சொல்லப் போனபோது, புதிதாகச் செய்த பேஸ் பாக்ஸைச் சோதித்துக்கொண்டிருந்தார். பாட்டில் பாடகர் இல்லை. அடிவயிற்றில் இறங்கும் பேஸ் கிட்டார், அதோடு டிரம்ஸ். நடுவில் ஒரு குரலின் துண்டு எங்கிருந்தோ வந்து, எதிரொலித்து, காணாமல் போனது. தகரக் கூரை அதிர்ந்தது.

"இது என்ன பாட்டுங்ணா?"

"பேரெல்லாம் தெரியாது தம்பி. பாக்ஸ் தாங்குமான்னு பாக்க இதைத்தான் போடுவோம். டப்புன்னு சொல்றாங்க."

அன்று இரவே தேட ஆரம்பித்தேன். அதுவரை ரெகே என்றால் எனக்கு பாப் மார்லி படம் போட்ட டீ-ஷர்ட்தான். மார்லிக்குப் பின்னால் ஒரு தீவே இருக்கிறது என்பதும், அந்தத் தீவின் இசை வரலாறே மைக் செட் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியில் தொடங்குகிறது என்பதும் பிறகுதான் புரிந்தது. அந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1950களின் ஜமைக்கா, பிரிட்டிஷ் காலனி. கிங்ஸ்டன் நகரின் மேட்டுப் பகுதியில் வசதியானவர்களின் கிளப்புகள் இருந்தன. கீழ்ப்பகுதியில் தகரக் கொட்டகைகளில் வாழ்ந்த கறுப்பின உழைக்கும் மக்களுக்கு அங்கே இடமில்லை, வாத்தியக் குழுவுக்குக் கொடுக்கப் பணமும் இல்லை. அவர்கள் ஆளுயர பாக்ஸ்களையும் ஆம்ப்களையும் சேர்த்துக்கொண்டு திறந்தவெளியில் இசைத்தட்டு போட்டு ஆடினார்கள். அதற்கு 'சவுண்ட் சிஸ்டம்' என்று பெயர். நம் ஊர்ச் சொல்லில் மைக் செட். டியூக் ரீட், காக்ஸன் டாட், பிரின்ஸ் பஸ்டர் என்று ஒவ்வொரு மைக் செட்காரருக்கும் ஒரு கூட்டம் இருந்தது. அமெரிக்க இசைத்தட்டுகள் போதாமல் போனபோது அவர்களே உள்ளூர்க் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். அப்படிப் பிறந்ததுதான் ஸ்கா. 1962 ஆகஸ்ட் 6இல் ஜமைக்கா விடுதலை பெற்றபோது தெருவெங்கும் ஒலித்தது ஸ்காதான். 1960களின் பின்பாதியில் வேகம் குறைந்து ராக்ஸ்டெடி ஆனது. 1968 வாக்கில் ரெகே வந்தது.

இந்த இசையில் என்னை முதலில் பிடித்து நிறுத்தியது தாளம். நாம் வழக்கமாகக் கை தட்டும் இடத்தில் கிட்டார் விழாது. அடிக்கும் அடிக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் விழும். 'ஒன் டிராப்' என்ற ரெகே தாளத்தில் முதல் அடியே காலியாக இருக்கும். டிரம்மின் கனம் மூன்றாம் அடியில் இறங்கும். பேஸ் பின்னணியில் ஒதுங்கி நிற்காமல் பாட்டையே நடத்திச் செல்லும். துடும்பும் ஜமாப்பும் கேட்டு வளர்ந்த கோவைக்காரர்களுக்குத் தாழ்ந்த ஒலி முன்னால் நிற்பதில் வியப்பு இருக்காது.

இனி பறைக்கு வருகிறேன். 1960 வாக்கில் பிரின்ஸ் பஸ்டர் ஒரு முக்கியமான வேலை செய்தார். கிங்ஸ்டனுக்கு வெளியே வரைக்கா மலையில், சமூகம் ஒதுக்கி வைத்திருந்த ரஸ்தஃபாரி மக்களின் முகாமுக்குப் போய், கவுன்ட் ஓஸி என்பவரின் மேளக் குழுவை அழைத்துவந்து 'ஓ கரோலினா' பாட்டில் வாசிக்க வைத்தார். அந்த மேளத்தையும் அதை அடித்தவர்களையும் 'மரியாதையான' ஜமைக்கா அருவருப்பாகத்தான் பார்த்தது. 1963 ஏப்ரலில் கோரல் கார்டன்ஸ் சம்பவத்தையொட்டி ரஸ்தஃபாரிகள் கூட்டம் கூட்டமாகப் பிடிக்கப்பட்டார்கள், அடிக்கப்பட்டார்கள், அவர்களின் சடைமுடி அறுக்கப்பட்டது. அதற்கு ஜமைக்க அரசு மன்னிப்புக் கேட்டது 2017இல். அடுத்த ஆண்டே ரெகேவை யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மேளத்தை இழிவென்று சொல்லிவிட்டு, பிறகு அதே மேளத்தைத் தன் பெருமையாகக் காட்டுவது நமக்குத் தெரியாத கதையா? புறநானூற்றின் 335ஆம் பாட்டு துடியனையும் பறையனையும் நிலத்தின் குடிகளாகச் சொல்கிறது. பெயரிலேயே துடியின் ஓசை கேட்கும் இந்த ஊரில், ஒரு கூட்டத்துக்கு முன்னால் தோழர்கள் பறை அடித்தபோது, வழியில் நின்ற பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏனுங் தம்பி, இங்க யாராச்சும் செத்துப் போய்ட்டாங்களா?" கேலிக்காகக் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்த பறை அது மட்டும்தான். சாவுக்கு அடி, கூலியை வாங்கு, ஒதுங்கி நில் என்று ஒரு சாதியின் மேல் சுமத்தப்பட்ட வேலை அது. அதனால்தான் அருந்ததியர், பறையர் ஊர்களில் 'இனி அடிக்க மாட்டோம்' என்று பறையைத் தூக்கிப் போட்டவர்களும் இருக்கிறார்கள், 'இது எங்கள் கலை, மேடையில் அடிப்போம்' என்று கையில் எடுத்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் சுயமரியாதைதான். 2016 மார்ச் 13இல் உடுமலைப்பேட்டையில் சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு, அந்தத் தாக்குதலில் உயிர்தப்பிய கௌசல்யா பறை கற்றுக்கொண்டு அடித்ததை இந்த மேற்கு மண்டலம் பார்த்திருக்கிறது. கட்டாயத்தால் அடிக்கும் பறையும் விரும்பி அடிக்கும் பறையும் ஒன்றல்ல.

டப் எனக்கு ஏன் நெருக்கமானது என்றும் சொல்ல வேண்டும். டப் இசையின் தந்தைகளில் ஒருவரான கிங் டப்பி இசைக் கல்லூரியில் படித்தவர் அல்ல. அவரது இயற்பெயர் ஆஸ்போர்ன் ரடாக். ரேடியோ ரிப்பேர் செய்தவர், டிரான்ஸ்ஃபார்மர் சுற்றியவர், ஆம்ப் கட்டியவர். வாட்டர்ஹவுஸ் என்ற ஏழைப் பகுதியில், நான்கு தடங்கள் மட்டுமே கொண்ட பழைய மிக்சரை வைத்து, ஏற்கெனவே பதிவான பாட்டிலிருந்து குரலை உருவினார். பேஸையும் டிரம்ஸையும் மட்டும் நிறுத்தினார். கிட்டாரை ஒரு கணம் உள்ளே விட்டு எதிரொலியில் கரைத்தார். மிக்சரே அவருக்கு வாத்தியம் ஆனது. இன்று உலகம் முழுக்க 'ரீமிக்ஸ்' என்று சொல்வதன் வேர்களில் இதுவும் ஒன்று. கவுண்டம்பாளையத்திலிருந்து பெரியநாயக்கன்பாளையம் வரை மோட்டார் ரீவைண்டிங் கடைகளிலும் லேத் பட்டறைகளிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு டப்பியை அறிமுகப்படுத்துவது எளிது: அவரும் காயில் சுற்றியவர்தான்.

இன்னொரு கண்ணியும் உண்டு. டப் ஓடும்போது அதன் மேல் மைக் பிடித்துத் தாளத்தோடு பேசும் வழக்கம் ஜமைக்காவில் வளர்ந்தது. யூ-ராய் அதில் முன்னோடி. கிங்ஸ்டனில் பிறந்து நியூயார்க்குக்குக் குடியேறிய கூல் ஹெர்க், 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்ஸில் நடத்திய விருந்தைத்தான் ஹிப்-ஹாப்பின் தொடக்கம் என்கிறார்கள். ஆக, நாம் கேட்கும் தமிழ் ராப்புக்கும் கிங்ஸ்டன் மைக் செட் ஒரு பாட்டன். 2018 ஜனவரி 6இல் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒன்றாக நின்றன. அந்தப் பெயரோ அயோத்திதாசரின் 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து வந்தது.

இசையைக் கொண்டாடிக்கொண்டே அதை உருவாக்கியவரை ஒதுக்குவதும் இரண்டு இடங்களிலும் நடந்தது. 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு ஸ்காவை அனுப்ப ஜமைக்க அரசு முடிவெடுத்தபோது, அந்த இசையை வளர்த்த ஸ்கடலைட்ஸ் கலைஞர்கள் போகவில்லை. மேட்டுப் பகுதிக்கு ஏற்ற பைரன் லீயின் குழு போனது. 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி' உலகெங்கும் ஓடியது. அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளின் இலங்கைத் தேயிலைத் தோட்ட வாழ்விலிருந்து எடுத்து எழுதிய பாட்டு அது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவு இல்லை. பா. இரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி கேட்ட பிறகே அவருக்குத் தனி அட்டை வந்தது.

சாதியும் ரெகேவும் நேருக்கு நேர் சந்தித்த இடமும் இந்தியாவில் உண்டு. பஞ்சாபின் மான்சா மாவட்டத்தைச் சேர்ந்த பந்த் சிங், தலித் சீக்கியர், விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர், பாடகர். தன் மகளுக்கு நடந்த வன்கொடுமைக்காக வழக்கு நடத்திக் குற்றவாளிகளுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பழியாக 2006 ஜனவரியில் ஆதிக்கச் சாதியினர் அவரைத் தாக்கினார்கள். இரண்டு கைகளையும் ஒரு காலையும் இழந்தார். பாடுவதை நிறுத்தவில்லை. சில ஆண்டுகள் கழித்து டெல்லியின் 'வேர்ட் சவுண்ட் பவர்' குழுவினர் அவரது ஊருக்கே போய், அவர் குரலோடு ரெகே, டப் தாளங்களைச் சேர்த்துப் பதிவு செய்தார்கள். டெல்லி சுல்தானேட் என்ற பெயரில் பாடும் தரு டால்மியா அதில் ஒருவர். இவர் பிறகு மக்கள் கூடும் இடங்களில் நிறுத்துவதற்காகவே ஒரு சவுண்ட் சிஸ்டத்தையும் கட்டினார். பந்த் சிங்கின் பதிவைக் கேளுங்கள். மொழி புரியாவிட்டாலும் குரல் புரியும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ரெகேவைத் தலையில் தூக்கி வைக்கவும் வேண்டாம். ரஸ்தஃபாரிகள் எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசியைக் கடவுளாக வணங்கினார்கள். அவரை அவரது நாட்டிலேயே 1974இல் பதவியிலிருந்து இறக்கினார்கள். பெரியாரைப் படித்தவர்களுக்கு இதில் உடன்பாடு இருக்க முடியாது. ரெகே உலகம் பெரும்பாலும் ஆண்களின் உலகமாகவே இருந்தது. பின்னால் வந்த டான்ஸ்ஹால் பாட்டுகள் சிலவற்றில் தற்பாலின மக்கள் மீதான வெறுப்பு அப்பட்டமாக உண்டு. நிறவெறியும் சாதியும் ஒன்றே என்று சொல்லிவிடவும் முடியாது. ஆனால் ஒன்றிடமிருந்து இன்னொன்று கற்றுக்கொள்ளலாம். 1946இல் அண்ணல் அம்பேத்கர் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதியதும், 1972இல் மும்பையில் தலித் பேந்தர்ஸ் தங்கள் பெயரைக் கறுஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டதும் அந்த அர்த்தத்தில்தான்.

எங்கே தொடங்குவது என்று கேட்கும் தோழர்களுக்கு என் பரிந்துரை இது. ஸ்காவுக்கு ஸ்கடலைட்ஸ், குறிப்பாக டான் டிரம்மண்டின் டிராம்போன். ரெகேவுக்கு பர்னிங் ஸ்பியரின் 'மார்கஸ் கார்வி' (1975), பீட்டர் டோஷின் 'ஈக்வல் ரைட்ஸ்' (1977). டப்புக்கு அகஸ்டஸ் பாப்லோவும் கிங் டப்பியும் சேர்ந்து செய்த 'கிங் டப்பிஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்' (1976). இதை மட்டும் போனில் கேட்காதீர்கள், நல்ல பேஸ் பாக்ஸில் கேளுங்கள். பெண் குரலுக்கு சிஸ்டர் நான்சியின் 'பாம் பாம்'. கவிதைக்கு லின்டன் க்வேசி ஜான்சனின் 'ஃபோர்சஸ் ஆஃப் விக்டரி' (1979). சந்தேகத்தின் பேரில் கறுப்பின இளைஞர்களைப் பிடித்துப் போன லண்டன் போலீசைப் பற்றி அதில் ஒரு பாட்டு இருக்கிறது. 'சந்தேக கேஸ்' என்றால் என்னவென்று நம் காலனிகளில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடைசியாக, கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து நின்ற 'தி ஸ்பெஷல்ஸ்' குழு. அவர்களின் ஊர் கோவென்ட்ரி, கார் கம்பெனிகளின் ஊர். ஆலைகள் மூடப்பட்டு ஊர் வெறிச்சோடியதை 1981இல் 'கோஸ்ட் டவுன்' என்று பாடினார்கள். கோவையை மான்செஸ்டர் என்று சொல்லிக்கொள்கிறோம். மூடிக்கிடக்கும் மில் கேட்டுகளைப் பார்க்கும்போது எனக்குக் கோவென்ட்ரிதான் நினைவுக்கு வருகிறது.

கேட்பதோடு முடிந்துவிட்டால் இது இன்னொரு பொழுதுபோக்குதான். நம் பக்கம் நோம்பி சாட்டினாலும், தலைவர் பிறந்தநாள் வந்தாலும், கல்யாண ஊர்வலம் போனாலும் பாக்ஸில் என்ன ஓடுகிறது என்று கவனியுங்கள். எங்கள் சாதி ஆண்ட சாதி, எதிர்த்தால் வெட்டுவோம் என்கிற பாட்டுகள். பத்தாவது படிக்கும் பையன் அதற்கு ஆடுகிறான். அடுத்த நாள் வகுப்பில் அதே வரியைப் பக்கத்து பெஞ்சுப் பையனிடம் சொல்லிக் காட்டுகிறான். அருவாளுக்கு முன்னால் ஊருக்குள் வருவது அந்தப் பாட்டு. மைக் செட் நடத்தும் அண்ணனைக் கேட்டால், "காசு குடுக்கறவங்க கேக்கறதைத்தானே தம்பி போட முடியும்" என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கேட்பதற்கு நாம் போகவில்லையே.

இதே மேட்டுப்பாளையம் ரோட்டின் வடக்கே, நடூரில், 2019 டிசம்பர் 2 அதிகாலை மழையில் ஓர் உயரமான சுற்றுச்சுவர் வீடுகளின் மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். அனைவரும் நம் மக்கள். அதைத் தீண்டாமைச் சுவர் என்று அங்குள்ளவர்கள் சொன்னார்கள். சுவரைப் பாட்டு இடித்துவிடாது. அதற்குச் சட்டமும் சங்கமும் போராட்டமும் வேண்டும். ஆனால் சுவர் எழுப்புகிறவனின் பெருமையைத் தினமும் பாக்ஸில் கேட்டு வளரும் பிள்ளையிடம், வேறொரு பாட்டும் இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும்.

எனவே ஒரு எளிய வேலை சொல்கிறேன். வருகிற ஏப்ரல் 14க்கோ செப்டம்பர் 17க்கோ உங்கள் பகுதி மைக் செட்காரரிடம் முன்கூட்டியே போங்கள். பென் டிரைவில் பாட்டுகளை நீங்களே கொடுங்கள். முதலில் பறை அடிக்கட்டும், விருப்பப்பட்டவர்கள் அடிக்கட்டும், உரிய சம்பளத்தோடும் பெயரோடும் அடிக்கட்டும். பிறகு இசைவாணி, அறிவு, பந்த் சிங், பர்னிங் ஸ்பியர். இரவு 10 மணிக்கு நிறுத்திவிடுங்கள், பக்கத்து வீட்டில் முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். யாராவது வந்து "இதென்ன பாட்டு தம்பி?" என்று கேட்டால், நாற்காலி போட்டு உட்கார வைத்து, கிங்ஸ்டனில் காயில் சுற்றிய ஒருவரின் கதையிலிருந்து ஆரம்பியுங்கள்.