பெட்டிக்குள் இருந்த தொடை எலும்பு

2004-இல் பிரான்சின் புவாத்தியே பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவி, ஆப்பிரிக்காவின் சாட் நாட்டுப் பாலைவனத்திலிருந்து வந்திருந்த விலங்கெலும்புகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். செத்த விலங்கின் எலும்பு புதையும் முன்னும் புதைந்த பின்னும் என்ன பாடு படுகிறது என்பதே அவருடைய ஆய்வுப் பொருள். குவியலில் இருந்த ஒரு நீண்ட எலும்புத் தண்டு அவர் கண்ணை உறுத்தியது. இரண்டு முனைகளும் போயிருந்தன; இடுப்பில் பொருந்தும் உருண்டையும் இல்லை, முழங்கால் மூட்டும் இல்லை. ஆனாலும் அது மானுடையதாகவோ பன்றியுடையதாகவோ தெரியவில்லை. ஆசிரியர் ரொபெர்ட்டோ மக்கியாரெல்லியிடம் காட்டினார். ஏதோ ஒரு பெரிய குரங்கினத்துக்கோ மனித முன்னோருக்கோ உரிய தொடை எலும்பு என்பது அப்போது தெரிந்தது.

அது கிடைத்த இடம் சாதாரண இடமல்ல. ஜுராப் பாலைவனத்தின் டோரோஸ்-மெனல்லா பகுதியில் டி.எம். 266 என்று எண்ணிடப்பட்ட களம். 2001 ஜூலை 19 அன்று அஹூன்டா ஜிம்தூமல்பாயே அங்கே ஒரு மண்டையோட்டைக் கண்டெடுத்தார். மிஷேல் ப்ரூனே தலைமையிலான குழு 2002 ஜூலையில் 'நேச்சர்' இதழில் அதை 'சஹேலாந்த்ரோபஸ் ட்சாடென்சிஸ்' என்ற புதிய இனமாக அறிவித்தது. வயது சுமார் 70 இலட்சம் ஆண்டுகள். செல்லப் பெயர் 'தூமாய்'. வறண்ட பருவம் தொடங்குமுன் பிறக்கும் குழந்தைகளுக்கு அந்தப் பகுதி மக்கள் இடும் பெயர், 'வாழ்வின் நம்பிக்கை' என்று பொருள். தொடை எலும்பும் அதே களத்தில் அதே 2001-இல் சேகரிக்கப்பட்டதுதான். ஆனால் அதைப் பற்றிய முதல் விரிவான கட்டுரை வெளிவந்தது 2020-இல்.

இடைப்பட்ட காலத்தில் நம் தொல்மானிடவியல் துறை சும்மா இருக்கவில்லை. தூமாய் இரண்டு காலில் நடந்ததா இல்லையா என்று மண்டையோட்டை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடியது. தண்டுவடம் இறங்கும் பெருந்துளை மனிதக் குரங்குகளில் இருப்பதைவிட முன்னால் தள்ளியிருக்கிறது, கோரைப்பல் சிறியது, அதன் நுனி தேய்ந்திருக்கிறது, எதிர்ப்பல்லில் உரசிக் கூராகும் அமைப்பு இல்லை, முகம் அதிகம் நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்பது ப்ரூனே தரப்பின் வாதம். பிடரியில் கழுத்துத் தசைகள் பற்றியிருந்த பரப்பைப் பாருங்கள், அது நாலு காலில் நடக்கும் குரங்கின் அமைப்பு, சிறிய கோரைப்பல் பெண் குரங்குக்கும் இருக்கும் என்றனர் வோல்பாஃப், செனூ, பிக்ஃபோர்ட், ஹாக்ஸ் ஆகியோர். மண்டையோடு மண்ணின் அழுத்தத்தில் கோணியிருந்ததால், 2005-இல் ட்சோலிகோஃபர் குழு கணினியில் அதை நிமிர்த்திப் பார்த்தது. மூளையின் கொள்ளளவு சிம்பன்சியை ஒத்த 360 முதல் 370 கன செ.மீ. என்று கணக்கிட்டது, பெருந்துளையின் கோணம் இருகால் நடைக்குப் பொருந்துகிறது என்றது. எதிர்த்தரப்பு அசையவில்லை.

நடையைப் பற்றிய வழக்கில் கால் எலும்பு சாட்சிக்கூண்டில் ஏறாமலே பதினெட்டு ஆண்டுகள் விசாரணை நடந்தது. 2018-இல் பாரிஸ் மானிடவியல் சங்கம் புவாத்தியேயிலேயே நடத்திய ஆண்டுக் கூட்டத்தில் தொடை எலும்பைப் பற்றிப் பேச அந்த மாணவியும் மக்கியாரெல்லியும் அனுப்பிய சுருக்கம் ஏற்கப்படவில்லை. 2020-இல் மக்கியாரெல்லி குழுவின் கட்டுரை வந்தது: தண்டின் வளைவும் வடிவமும் வழக்கமாக இரண்டு காலில் நடந்த உயிரினத்தைக் காட்டவில்லை. 2022-இல் தவேர், கீ முதலியோர் 'நேச்சர்' இதழில் அதே எலும்பையும் இரண்டு முன்கை எலும்புகளையும் விவரித்தனர்: தரையில் இரண்டு காலில் நடந்தது, மரமும் ஏறியது. 2024-இல் காசனாவ் முதலியோர் அதை மறுத்தனர். தொடை எலும்பின் கழுத்தடியில் உட்புறமாக ஓடும் ஒரு சிறு எலும்புத் தகட்டை இருகால் நடையின் சான்றாகத் தவேர் குழு காட்டியிருந்தது. அப்படியொரு தகடு ஒராங்உட்டானிலும் காணப்படுகிறது, சில மனிதரில் காணப்படுவதில்லை என்றனர் மறுத்தவர்கள்.

இதில் யார் பக்கம் நியாயம்? எங்கள் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். இரு முனையும் இழந்த ஒரு தண்டு, அதிலும் மேற்பரப்பு சிதைந்த ஒரு தண்டு, இந்த வழக்கை முடிக்கப் போதாது. தூமாய் ஹோமினின்தான், அதாவது மனிதக் கிளையைச் சேர்ந்ததுதான், என்று பாடநூலில் எழுதுவதும் அவசரம். வெறும் குரங்கு என்று தள்ளுவதும் அவசரம். மனிதக் கிளையும் சிம்பன்சிக் கிளையும் பிரிந்த காலத்தை ஒட்டி வாழ்ந்த உயிரினம் அது. அந்த வாசலில் நிற்பவர் எந்த வீட்டுக்காரர் என்று ஓர் எலும்பைக் கொண்டு அடித்துச் சொல்ல முடியாது.

ஆனால் தீர்ப்பைவிட நமக்கு முக்கியம் நடைமுறை. தாமதம் தன்னளவில் குற்றமல்ல. எத்தியோப்பியாவில் 1994-இல் வெளிப்படத் தொடங்கிய 'ஆர்டி' எலும்புக்கூட்டின் முழு விவரிப்பு 2009-இல்தான் வந்தது. தொட்டால் பொடியாகும் எலும்புகளை ஒட்டி எடுக்கப் பதினைந்து ஆண்டு பிடித்தது. அப்படியொரு எலும்புக்கூடு இருப்பது மட்டும் முதலிலிருந்தே எல்லோருக்கும் தெரியும். நேர்மாறாக, தென்னாப்பிரிக்காவின் ரைசிங் ஸ்டார் குகையில் 2013-இல் கிடைத்த ஹோமோ நலேடி என்ற தொல்மனித இனம் இரண்டே ஆண்டில் அச்சேறியது. முப்பரிமாணப் பதிவுகளை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அந்த வேகத்துக்கும் ஒரு விலை உண்டு. நலேடி தன் இனத்தாரைப் புதைத்தது என்று 2023-இல் வந்த அறிவிப்பைச் சான்று போதாதென்று மதிப்பாய்வாளர்கள் அப்போது விமர்சித்தார்கள். ஆனால் எலும்புகள் எல்லோர் கண்ணிலும் இருந்ததால் மறுப்பு எழுதப் பதினெட்டு ஆண்டு ஆகவில்லை. சில மாதங்கள் போதுமாயிருந்தன.

தூமாய் கற்றுத்தரும் இன்னொரு பாடம் களப்பணியாளருக்கு. அந்த மண்டையோடு மணற்கல்லுக்குள் பதிந்திருக்கவில்லை, காற்று மணலைத் தள்ளித் திறந்த மேற்பரப்பில் கிடந்தது என்று, அன்று களத்தில் இருந்த அலென் போவிலென் பின்னாளில் எழுதினார். 2008-இல் பெரிலியம் ஐசோடோப் முறையில் கணிக்கப்பட்ட 68 முதல் 72 இலட்சம் ஆண்டு என்பது மண்ணடுக்கின் வயது. எலும்பு அந்த அடுக்குக்கு உரியதுதானா என்பது தனிக் கேள்வி. உடன் கிடைத்த விலங்கினங்கள் அந்த வயதோடு ஒத்துப்போகின்றன, உண்மை. ஆனால் எடுத்த நொடியில் எலும்பு எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது, எதில் ஒட்டியிருந்தது என்பதற்குக் குறிப்பும் படமும் இருந்தால் இந்த வாதமே எழுந்திருக்காது.

இதெல்லாம் எங்கோ சாடில் நடந்தது என்று நாம் ஒதுங்க முடியாது. இமாசலப் பிரதேசத்தின் ஹரிதல்யாங்கரில் 1932-இல் ஜி. எட்வர்ட் லூயிஸ் கண்டெடுத்த மேல்தாடைத் துண்டு 'ராமபித்தேகஸ்' ஆனது. 1960-களில் சைமன்ஸும் பில்பீமும் அதை மனிதனின் முதல் முன்னோராக நிறுத்தினர். தாடையின் நடுப்பகுதி கிடைக்கவே இல்லை; மனிதத் தாடையைப் போல் அகன்று வளைந்திருக்கும் என்ற எதிர்பார்ப்பே அந்த இடைவெளியை நிரப்பியது. 1967-இல் சரிச்சும் வில்சனும் இரத்தப் புரதங்களை ஒப்பிட்டு, மனிதனும் ஆப்பிரிக்கக் குரங்குகளும் பிரிந்து சுமார் 50 இலட்சம் ஆண்டுகளே ஆகின்றன என்றபோது, எலும்பு ஆய்வாளர்கள் பலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாகிஸ்தானின் போட்வார் மேட்டுநிலத்தில் கிடைத்த சிவபித்தேகஸ் என்ற தொல்குரங்கின் முகத்தை 1982-இல் பில்பீமே வெளியிட்டபோது அது ஒராங்உட்டானின் சாயலில் இருந்தது. இன்று ராமபித்தேகஸ் என்று தனியே ஒரு பேரினம் இல்லை. அது சிவபித்தேகஸுக்குள் அடங்கிவிட்டது. தன் கையாலேயே கட்டியதைத் தன் கையாலேயே பிரித்த பில்பீமின் நேர்மை நம் துறையின் பெருமை. இல்லாத எலும்பை மனத்தால் வரைந்த தவறு நம் எல்லோருக்குமான எச்சரிக்கை.

ஆகவே இந்த இதழுக்குக் கட்டுரை அனுப்புவோரிடம் இனி மூன்றைக் கேட்கப் போகிறோம். களத்தில் கிடைத்த எல்லா எலும்பின் பட்டியலும், அடையாளம் தெரியாதவை உட்பட, கட்டுரையோடு வர வேண்டும். பொருள் மேற்பரப்பில் கிடைத்ததா அடுக்கினுள் கிடைத்ததா என்பது முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும். விவரிப்பு வேறு, விளக்கம் வேறு என்று பிரித்து எழுத வேண்டும்; கிடைக்காத பகுதியை ஊகித்து வரைந்திருந்தால் அதை வேறு கோட்டில் காட்ட வேண்டும். அடையாளம் தெரியாத துண்டை அப்படியே சொல்வதால் எந்தக் கட்டுரையும் எங்களிடம் தள்ளுபடியாகாது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் துறை அலமாரியிலும் 'இதர விலங்கெலும்பு' என்று சீட்டு ஒட்டிய பெட்டிகள் இருக்கும். இந்த மாதம் அவற்றில் ஒன்றைத் திறந்து, ஒரு மாணவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, பட்டியலைச் சரிபாருங்கள்.