‘தொடரும்’ என்று போடுகிறவர்களுக்கு

இணையத்தில் காமிக்ஸ் வரைகிறவர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. அன்றைக்கு ஒரு ஜோக், அன்றைக்கே முடிந்தது என்று வரைவது நல்லதா, ஒரே கதையை வருஷக்கணக்கில் கொண்டுபோவது நல்லதா? பாரிஸில் இருக்கும் என் பேத்தி இரண்டு வகையையும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். போன மாதம் பேசும்போது, "நீங்க ஜோக் மட்டும் படிங்க தாத்தா, கதையெல்லாம் முடிய ரொம்ப வருஷமாகும்" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். எழுபதைத் தாண்டியவனிடம் இப்படிச் சொன்னால் அந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. நம் வயதுக்காரர்கள் சிலர் இதே காரணத்தைச் சொல்லித்தான் பெரிய நாவலைக் கையில் எடுப்பதில்லை. எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. நான் தொடர்கதைக் கட்சி, ஆனால் ஒரு நிபந்தனையோடு.

இந்த உலகம் பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜோக் கட்சிக்குப் பெரிய பெயர் ‘எக்ஸ்கேசிடி’. முன்பு நாசாவில் வேலை பார்த்த ராண்டல் மன்ரோ என்ற அமெரிக்கர் 2005 முதல் வரைகிறார். குச்சி குச்சியாக மனிதர்கள், முகம்கூடக் கிடையாது. கணக்கும் அறிவியலும் கலந்த கிண்டல். எந்த நாள் போய்ப் பார்த்தாலும் அன்றைய ஜோக் அன்றோடு சரி. தொடர்கதைப் பக்கம் ‘கேர்ள் ஜீனியஸ்’. ஃபோலியோ என்ற கணவன் மனைவி இருவரும் சேர்ந்து செய்வது. 2005 முதல் திங்கள், புதன், வெள்ளி ஒவ்வொரு பக்கமாக இணையத்தில் போடுகிறார்கள். ஒரே கதை, இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

ஜோக்கில் தொடங்கிக் கதைக்குள் வழுக்கி விழுந்தவர்களும் உண்டு. ரிச் பர்லூ என்பவர் 2003-இல் ‘ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்’ என்று ஒன்றைத் தொடங்கினார். பகடை உருட்டி விளையாடும் ஒரு கற்பனை விளையாட்டின் விதிகளைக் கேலி செய்வதுதான் ஆரம்பத்தில் வேலை. நாளாக ஆக அந்தக் குச்சி மனிதர்களுக்குத் தகப்பன் வந்தான், பழைய பகை வந்தது, பெரிய கதையாகிவிட்டது. 2012-இல் அதன் பழைய புத்தகங்களை மறுபடி அச்சிடப் பணம் வேண்டுமென்று வாசகர்களிடம் கேட்டார். கிடைத்தது 12 லட்சம் டாலருக்கு மேல். வெறும் ஜோக்குக்கு யாரும் இப்படி அள்ளிக் கொடுக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். ஜோக்கைப் படித்துவிட்டுச் சிரித்தபடி நகர்ந்துவிடலாம். கதையில் இருப்பவனோடு உறவு வைத்துக்கொள்கிறோம்.

என்றாலும், ஜோக்கின் பலம் எது என்பதைப் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களைப்போல அறிந்தவர்கள் குறைவு. அந்த நாளில் ‘ஸ்பிரூ’, ‘தேந்தேன்’ வாரப் பத்திரிகைகள் கப்பலில் வரும். (நீங்கள் டின்டின் என்பீர்கள். எங்களுக்கு அவன் தேந்தேன்தான்.) சொல்தா வீட்டுப் பையன்கள் கட்டுக்கட்டாகப் பள்ளிக்குக் கொண்டுவருவார்கள். ஒன்று வந்தால் அடுத்த மூன்று வாரம் வராது. வந்தாலும் நடுப்பக்கம் யாராவது கிழித்திருப்பார்கள். தொடர்கதையில் வில்லன் துப்பாக்கியை நீட்டுவான், அடுத்து எங்கள் கையில் கிடைக்கும் இதழில் அவனே சிறையில் இருப்பான். நடுவில் நடந்ததை ஆளுக்கொரு விதமாக நாங்களே கட்டிக்கொள்வோம்.

ஸ்பிரூவில் வந்த கஸ்தோனுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஃபிராங்கேன் 1957-இல் உண்டாக்கிய பாத்திரம். ஒரு பத்திரிகை அலுவலகத்தில் வேலை செய்யாமலே வேலையில் இருப்பவன். வாசகர் கடிதங்கள் மலையாகக் குவிந்திருக்கும், பதில் போட மாட்டான். தெ மெஸ்மாக்கர் என்ற பணக்காரர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் பெட்டியோடு வருவார். கஸ்தோனின் பூனையோ, அவன் கண்டுபிடித்த ஏதாவது யந்திரமோ குறுக்கே வந்து ஒப்பந்தம் கிழிந்து போகும். ஒரே பக்கம், முடிந்தது. எந்த இதழ் தவறினாலும் நஷ்டமில்லை. பிற்காலத்தில் யு.டி.சி.யாக நாற்காலியில் உட்கார்ந்தபோது எங்கள் பிரிவிலும் ஒரு கஸ்தோனைப் பார்த்தேன். பெயர் வேண்டாம், பென்ஷன் வாங்கிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்.

அப்படியானால் ஜோக்தானே ஜெயித்தது என்பீர்கள். தேந்தேனைப் படைத்த எர்ழேயைப் பாருங்கள். புருசெல்ஸ் நாளிதழ் ஒன்றின் சிறுவர் இணைப்பில் 1929 ஜனவரியில் தேந்தேன் கதையைத் தொடங்கினார், வாரம் இரண்டு பக்கம். அடுத்த ஆண்டே அதே இணைப்பில் க்விக், ஃப்ளுப்கே என்ற இரண்டு தெருப் பையன்களை வைத்துத் தனித்தனி ஜோக்குகளும் வரைந்தார். கை ஒன்று, பத்திரிகை ஒன்று. தேந்தேனை உலகமே அறியும். அந்தப் பையன்களைப் பெல்ஜியத்துக்கு வெளியே எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

ஆனால் எர்ழே தம் தொடர்கதையை எப்படிக் கட்டினார் என்பதைத்தான் இன்றைய இணையக்காரர்கள் கவனிக்க வேண்டும். வாசகன் கையில் இந்த வாரம் இருப்பது இரண்டே பக்கம் என்பது அவருக்குத் தெரியும். அதனால் அந்த இரண்டு பக்கத்துக்குள் ஒரு ஆள் படிக்கட்டில் உருளுவான், நாய் ஏதாவது குறும்பு செய்யும், கடைசிக் கட்டத்தில் ஒரு கதவு திறக்கும். ஜோக்குகளை அடுக்கித்தான் கதையே நடந்தது.

இணையத்தில் இந்த ஒழுங்கு கெட்டுவிட்டது. முதல் பக்கத்திலிருந்து எல்லாம் அங்கேயே சேமித்திருக்கிறது, வேண்டுமானால் பின்னால் போய்ப் படித்துக்கொள்ளட்டும் என்ற தைரியம். திங்கட்கிழமை ஒருவன் வாசலைப் பார்க்கிறான். புதன்கிழமை திரும்பிப் பார்க்கிறான். வெள்ளிக்கிழமை பெருமூச்சு விடுகிறான். புத்தகமாகச் சேர்த்துப் படிக்கும்போது இது அழகாக இருக்கலாம். வாரம் மூன்று நாள் வந்து பார்க்கிறவனுக்கு இலையைப் போட்டுச் சோறு வைக்காத கதைதான்.

அலுவலகத்தில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே இதுதான். கோப்பில் நூறு பக்கம் முன்னால் ஓடியிருந்தாலும், இன்று எழுதும் குறிப்பைப் படித்தால் விஷயம் என்ன, இப்போது எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். நேற்றுதான் மாற்றலாகி வந்த அதிகாரியிடம் ‘முன்பக்கங்களைப் பார்க்கவும்’ என்று எழுதி அனுப்பினால் கோப்பு அதே வேகத்தில் திரும்பி வரும்.

தினத்தந்தியின் கன்னித்தீவை நாம் இழுவைக்கு உவமையாகச் சொல்லிப் பழகிவிட்டோம். அது கொஞ்சம் அநியாயம். 1960-இல் தொடங்கியது. சிந்துபாத்துக்கும் குட்டிப் பொம்மையாகச் சுருங்கிப்போன லைலாவுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாதவன்கூட, டீக்கடையில் பேப்பரைப் பிரித்தால் அன்றைய கட்டங்களில் ஒரு பூதமோ ஒரு சண்டையோ கிடைக்கும். அன்றைய கூலியை அன்றே கொடுத்துவிடும்.

முடிவு என்ற விஷயத்துக்கு வருகிறேன், பேத்தியின் கவலையும் அதுதானே. இணையத்திலும் சொன்னபடி முடித்தவர்கள் இருக்கிறார்கள். பிரெஞ்சில் ‘லெசோத்ர் ழான்’ என்று ஒரு சந்தாத் தொடர், தோமா கதேன் எழுதப் பல ஓவியர்கள் மாற்றி மாற்றி வரைந்தார்கள். 2010 மார்ச்சில் தொடங்கி 2012 ஜூனில் முடித்துவிட்டார்கள். மற்றவை அப்படி இல்லை. பர்லூவுக்குக் கையில் அடிபட்டுச் சில மாதம் கதை நின்றது. எர்ழேக்கே 1940 மே மாதம் ஜெர்மானியப் படை நுழைந்ததும் பத்திரிகை மூடப்பட்டு, தேந்தேன் பாலைவனத்தில் நின்றுவிட்டான். அந்தக் கதையை 1948-இல்தான் மறுபடி தொட்டார். ஜோக்காரர்களுக்கு இந்தப் பயம் இல்லை. ‘பீனட்ஸ்’ வரைந்த சார்ல்ஸ் ஷூல்ஸ் 2000 பிப்ரவரி 12 இரவு காலமானார். மறுநாள் காலைப் பத்திரிகையில் அவருடைய கடைசிப் படம் வந்தது. ஐம்பது வருஷ வேலையில் எதுவும் பாக்கி நிற்கவில்லை.

இருந்தும் நான் கட்சி மாறவில்லை. 1983-இல் எர்ழே இறந்தபோது ‘தேந்தேனும் ஆல்ஃப்-ஆர்ட்டும்’ என்ற கதை பென்சில் கோட்டு நிலையில் பாதியில் நின்றது. மூன்று வருஷம் கழித்து அந்தக் கோடுகளை அப்படியே புத்தகமாக்கினார்கள். தேந்தேனைத் துப்பாக்கி முனையில் சிலையாக வார்க்கக் கூட்டிப்போகிறார்கள், அதோடு சரி. அதற்கு முன்னால் ஒரு பக்கம் இருக்கிறது. பாடகி காஸ்தாஃபியோரின் கண்ணில் படக்கூடாதென்று கப்பித்தேன் அத்தோக் ஓடிப்போய் ஓவியக் கடைக்குள் ஒளிகிறார். வெளியே வரும்போது கையில் பெரிய பிளாஸ்டிக் எழுத்து ஒன்றை விலை கொடுத்து வாங்கிக்கொண்டு வருகிறார். கதை முடியவில்லைதான், ஆனால் அந்தப் பக்கத்துக்கு நான் பலமுறை சிரித்திருக்கிறேன்.