பெயரும் பொருளும்

மகன் வயிற்றுப் பிள்ளையையும் மகள் வயிற்றுப் பிள்ளையையும் தமிழர் 'பெயரன்' என்றனர். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். அதுவே பேச்சுவழக்கில் 'பேரன்' ஆயிற்று. உறவுமுறைச் சொல் ஒன்றே பெயரிலிருந்து பிறந்துள்ளமை, பெயருக்குத் தமிழர் அளித்த மதிப்பைப் புலப்படுத்தும். தென்னாப்பிரிக்காவின் சூலு மக்களும் பொருளறிந்தே பெயரிடுவர். அவர்களிடையே வழங்கும் 'சிபோ' என்னும் ஆண்பாற்பெயர் 'கொடை' எனப் பொருள்படும். 'தெம்பா' என்பது நம்பிக்கையைக் குறிக்கும்.

எனினும், மரபாக வந்தது என்பதனாலேயே ஒரு பெயர் போற்றுதற்குரியது ஆகிவிடுமா? புதுச்சேரியின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகிறது.

1881ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசாணை, இந்தியர் தம் மரபுவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க வழிசெய்தது. அவ்வாறு துறந்தோர் குடும்பப்பெயர் ஒன்றையும் ஏற்றனர். வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை 'லபோர்த்' ஆனார். 'வாயில்' என்பது அப்பிரெஞ்சுச் சொல்லின் பொருள். தாய்மொழிப் பெயரை இழப்பது இழப்பே. ஆயினும், சாதியால் ஒடுக்கப்பட்டோர் பலருக்குப் புதுப்பெயர் சமவுரிமையின் அடையாளமாயிற்று என்பதையும் மறுத்தல் இயலாது.

புதுச்சேரியில் 1891இல் பிறந்த சுப்புரத்தினம், தந்தை கனகசபையின் பெயரையும் சேர்த்துக் கனகசுப்புரத்தினம் எனப்பட்டார். 1908இல் புதுச்சேரிக்கு வந்த பாரதியார்மீது கொண்ட பற்றினால், பின்னர்ப் 'பாரதிதாசன்' எனத் தமக்குத் தாமே பெயரிட்டுக்கொண்டார். 'தாசன்' என்பது அடிமையைக் குறிக்கும் வடசொல்லாயிற்றே; தன்மானத்தையும் தனித்தமிழையும் போற்றிய கவிஞருக்கு அது தகுமா எனச் சிலர் வினவுவர். பிறர் சுமத்துவதே அடிமைத்தனம். தாமே விரும்பி ஏற்பது நன்றியுணர்வு. சாதி வேற்றுமையைக் கடந்து, தம் உள்ளங்கவர்ந்த கவிஞரின் பெயரைத் தாங்கியதில் தாழ்வேதும் இல்லை, உயர்வே உண்டு.

1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைத் துறக்குமாறு அறிவுறுத்தியது. அதன் பயனாகத் தமிழர் பலரின் பெயருக்குப் பின்னிருந்த பட்டம் மறைந்தது. பெயருக்கு முன் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும் நின்றது. தீயதை நீக்கியும் மரபைக் காக்கலாம் என்பதற்கு இது சான்றாகும்.

இன்றோ, ஒலியழகுக்காகவும் எண்கணிதத்துக்காகவும் பொருள் விளங்காப் பெயர்கள் பெருகிவருகின்றன. தன் பெயரின் பொருளைக் கேட்டால் விடைகூற இயலாத பிள்ளை, முன்னோர் விட்டுச்சென்ற செல்வம் ஒன்றை அறியாமலேயே வளர்கிறது. பெயரிடுவோர் இரண்டை எண்ணிப் பார்த்தல் வேண்டும்: இப்பெயரின் பொருள் யாது? இது எவரையேனும் தாழ்த்துகிறதா? முதல் வினாவுக்கு விடையும், இரண்டாம் வினாவுக்கு 'இல்லை' என்னும் மறுமொழியும் கிடைக்குமாயின், அப்பெயரே வழிவழியாக வழங்கத் தக்கது.