விஞ்ஞானத்தின் பெயரால்

விஞ்ஞானத்திற்கும் போலி விஞ்ஞானத்திற்கும் இடையிலான எல்லை எப்போதும் தெளிவாகத் தென்படுவதில்லை. கொவிட்-19 காலத்தில் நாம் கற்ற கசப்பான பாடம் இதுவேயாகும்.

2020 டிசம்பரில், நோயைக் குணப்படுத்தும் எனக் கூறப்பட்ட பாணியொன்றுக்காகக் கேகாலையில் மக்கள் முண்டியடித்தனர். அதனை அருந்திய அப்போதைய சுகாதார அமைச்சரே மறுமாதம் தொற்றுக்குள்ளானார். அந்தப் போலியை இனங்காண்பது கடினமாக இருக்கவில்லை.

ஆனால், நிபுணர் குழுவின் பெயரால் வந்த வாதத்தை இனங்காண்பது அத்தனை இலகுவாக இருக்கவில்லை. உடல்களைப் புதைத்தால் நிலத்தடி நீர் மாசடையும் எனக் கூறப்பட்டு, 2020 ஏப்ரல் வர்த்தமானி மூலம் தகனம் கட்டாயமாக்கப்பட்டது. நல்லடக்கம் செய்யலாம் என உலக சுகாதார ஸ்தாபனம் வழிகாட்டியிருந்தும், முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் பலவந்தமாக எரிக்கப்பட்டன. பிறந்து 20 நாட்களேயான சிசுவின் உடலும் அதிலிருந்து தப்பவில்லை. 2021 பெப்ரவரியிலேயே அடக்கத்திற்கு அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

கேள்வி எழும்போது பதவியையும் குழுவையும் காட்டாது, ஆதாரத்தைக் காட்டுவதே விஞ்ஞானம். அந்த ஆதாரம் பிழையெனத் தெரியவந்தால் முடிவை மாற்றுவதும் விஞ்ஞானத்தின் கடமையாகும். எனவே, மக்களின் உரிமையைக் கட்டுப்படுத்தும் எந்தவொரு நிபுணர் பரிந்துரையும் அதற்கான ஆதாரங்களுடன் உடனடியாகப் பகிரங்கப்படுத்தப்படுவதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டுமென நாம் வலியுறுத்துகின்றோம்.